கைகாட்டி எறங்கிருச்சா?

எங்க தாத்தா (அம்மாவோட அப்பா) தோள்ல எப்பவும் ஒரு பழைய துண்டு கிடக்கும். வேர்வை துடைக்கத்தான்னு ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். ஒருநாள் கேட்டப்பதான் சொன்னார்: "லீவரை வெறுங்கையால தொடக்கூடாதுடா. கை வேர்வை பட்டா பிடி துருப்பிடிச்சிரும். துண்டைப் போட்டுத்தான் இழுக்கணும்." ரிட்டயர் ஆகி எத்தனையோ வருஷம் ஆச்சு, லீவரும் இல்லை, கேபினும் இல்லை. துண்டு மட்டும் இன்னும் தோளை விட்டு இறங்கலை.

தாத்தா மீட்டர்கேஜ் காலத்துல மதுரையைச் சுத்தியிருந்த ஸ்டேஷன்கள்ல லீவர்மேன். நான் பொட்டி தட்டுறவன். ரெண்டு பேர் வேலைக்கும் சம்பந்தமே இல்லைன்னு நினைச்சிட்டிருந்தேன். போன மாசம் ஆபீஸ்ல ஒரு மீட்டிங். ஒரு ஸ்க்ரீன்ல ரெண்டு பட்டனை ஒரே நேரத்துல அமுக்கினா கணக்கு தப்பாப் போகுது. "யூசர் அப்படி எல்லாம் பண்ணமாட்டாங்க"ன்னு ஒருத்தர் சொல்லிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிட்டார். அன்னிக்கு ராத்திரி தாத்தாவுக்குப் போன் போட்டு, கேபின்ல ரெண்டு லீவரைத் தப்பா இழுத்தா என்ன ஆகும்னு கேட்டேன். "இழுக்க வராதுடா"ன்னார். "தெரியாம இழுத்துட்டா?" "தெரிஞ்சு இழுத்தாலும் வராது. கூட ஆளைக் கூட்டிட்டு வந்து இழுத்தாலும் வராது."

அதுக்கப்புறம் நான் தேடிப் படிச்சது, தாத்தாகிட்ட கேட்டது எல்லாம் சேர்த்து இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க :-)

கேபின்னா என்னன்னு நாப்பது வயசு தாண்டின மதுரைக்காரங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மத்தவங்களுக்காக: ஸ்டேஷனுக்கு ரெண்டு முனையிலயும் மாடி வச்ச ஒரு சின்னக் கட்டடம் நிக்கும். மேல சுத்தியும் ஜன்னல், ஓரத்துல ஒரு படிக்கட்டு, நெத்தியில பேர்ப்பலகை. இங்கிலாந்துக்காரன் சிக்னல் பாக்ஸ்னு சொல்றதை நம்மாளுங்க கேபின்னாங்க. மாடியில ஆள் உயரத்துக்கு வரிசையா இரும்பு லீவர்கள். சிக்னலுக்குச் சிவப்பு, தண்டவாளத்தைப் பிரிச்சு விடுற பாயிண்டுக்குக் கறுப்பு, பாயிண்ட் பூட்டுக்கு நீலம், உபயோகத்துல இல்லாததுக்கு வெள்ளை. கீழ்த்தளத்தைப் பூட்டியே வச்சிருப்பாங்க. தாத்தா இத்தனை வருஷம் மேல வேலை பார்த்திருக்கார், கீழ உள்ளே போய்ப் பார்த்தது நாலஞ்சு தடவைதானாம். ஆனா விஷயமே அந்தக் கீழ் ரூம்லதான் இருக்கு. அதுக்கு அப்புறம் வரேன்.

எல்லா ஸ்டேஷன்லயும் இப்படி மாடிக் கேபின் இருந்ததில்லை. சின்ன ஸ்டேஷன்ல பாயிண்டைப் பூட்டி, பாயிண்ட்ஸ்மேன் அந்தச் சாவியைக் கொண்டுவந்து ஸ்டேஷன் மாஸ்டர் கையில குடுத்தாத்தான் சிக்னல் இறங்கும். ஏற்பாடு வேற, கணக்கு ஒண்ணுதான்.

முதல்ல நம்ம ஊருக்கு ரயில் வந்த கதை. 1874-ல கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா கம்பெனியும் கர்நாடிக் கம்பெனியும் சேர்ந்து சவுத் இந்தியன் ரயில்வே ஆச்சு. திருச்சியிலிருந்து மதுரைக்கு 1875-ல லைன் வந்தது. 1876 ஆரம்பத்துல தூத்துக்குடி வரைக்கும் போயிடுச்சு. 1902-ல கிழக்கே மண்டபம், 1928-ல மேற்கே போடி. ஆக மதுரை நாலு பக்கமும் லைன் பிரியற ஊர். வர்ற வண்டியைச் சரியான லைன்ல விடணும், அந்த லைன்ல வேற வண்டி நிக்கக்கூடாது, எதிர்ல இன்னொண்ணு வரக்கூடாது. வண்டி கம்மியா இருந்த காலத்துல ஒரு ஆள் ஓடி ஓடிப் பாயிண்டைத் திருப்பி, பகல்ல கொடியும் ராத்திரியில விளக்கும் காட்டிச் சமாளிக்கலாம். வண்டி பெருகப் பெருக அந்த ஆளோட ஞாபகசக்திதான் பயணிங்களோட உயிர்னு ஆயிடும். பாயிண்டை ரெண்டாம் லைனுக்குத் திருப்பிட்டு, மறதியில முதல் லைனுக்குச் சிக்னல் குடுத்துட்டார்னா?

இதுக்கு விடை கண்டுபிடிச்சவங்கள்ல முக்கியமானவர், தச்சு வேலை கத்துக்கிட்டு வந்த ஒருத்தர். பேர் ஜான் சாக்ஸ்பி, இங்கிலாந்தின் பிரைட்டன் ஊர்க்காரர். 1856-ல பேட்டண்ட் வாங்கினார். யோசனை ரொம்ப எளிசு: பாயிண்டையும் சிக்னலையும் ஒண்ணோட ஒண்ணு இரும்பால கட்டிப் போட்டுடு. பாயிண்ட் சரியா இல்லைன்னா சிக்னல் லீவர் நகரவே கூடாது. இதுக்கு இன்டர்லாக்கிங்னு பேர். சாக்ஸ்பி அண்ட் ஃபார்மர் கம்பெனி பின்னாடி கல்கத்தாவிலயே தொழிற்சாலை போட்டது.

கீழ் ரூமுக்கு இப்ப வரலாம். ஒவ்வொரு லீவருக்கும் கீழ ஒரு பட்டையான இரும்புத் தகடு தொங்கும். அதோட ஓரத்துல அங்கங்க வெட்டு. குறுக்கால வேற சட்டங்கள் ஓடும், அதுல முளை மாதிரி துண்டுகள். ஒரு லீவரை இழுத்தா அதன் தகடு நகரும், வெட்டுல உட்கார்ந்திருந்த முளை வெளியே தள்ளப்படும், அது போய் இன்னொரு லீவரோட தகட்டு வெட்டுல உட்கார்ந்துக்கும். அவ்வளவுதான், அந்த லீவர் பூட்டியாச்சு. மேல நிக்கிறவர் பயில்வானா இருந்தாலும் அசையாது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுல ஒரு நுணுக்கம். மூணாம் நம்பர் லீவர் ஏழாம் நம்பரைப் பூட்டினா, ஏழாம் நம்பரை முதல்ல இழுத்தா மூணு தானாப் பூட்டிக்கும். தனியா அதுக்கு ஏற்பாடு எதுவும் பண்ண வேண்டாம். ஏன்னா ரெண்டு பூட்டும் ஒரே இரும்புத் துண்டு! நான் கோட்ல இதை எழுதினா ரெண்டு பக்கமும் தனித்தனியா செக் பண்ணணும். ஒண்ணை மறந்துட்டா பக்குனு வந்து நிக்கும். டெஸ்டர் பிடிக்கலைன்னா கஸ்டமர் பிடிப்பார். இரும்புல அந்தத் தப்பு நடக்க வழியே கிடையாது. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சதுல லாஜிக் கேட் பத்தி ஒரு செமஸ்டர் முழுக்க ஓட்டினாங்க. தாத்தா நின்னுட்டிருந்த தரைக்குக் கீழ அது முழுக்க இரும்புல ஓடிட்டிருந்ததுன்னு யாரும் சொல்லலை.

இது கண்டுபிடிச்சவுடனே எல்லாரும் வாங்கிப் போட்டுக்கலை. செலவு. 1889 ஜூன் 12-ம் தேதி அயர்லாந்துல ஆர்மா பக்கத்துல ஒரு சுற்றுலா ரயில், மேட்டுல ஏற முடியாம நின்னு, பின்பாதியைக் கழட்டிவிட, அது பின்னாடியே உருண்டு அடுத்து வந்த வண்டி மேல மோதிச்சு. சுமார் 80 பேர் போயிட்டாங்க. அதுல நிறையப் பேர் பிள்ளைகள். அந்த வருஷமே பிரிட்டன் பார்லிமென்ட் சட்டம் போட்டு, ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல ஒரே வண்டிங்கிற பிளாக் முறை, இன்டர்லாக்கிங், பயணிகள் வண்டிக்குத் தொடர் பிரேக் மூணையும் கட்டாயமாக்கினாங்க. அதுவரைக்கும் கம்பெனிகள் பல வருஷமா "பார்க்கலாம், பார்க்கலாம்"னு இழுத்தடிச்ச விஷயங்கள்.

கைகாட்டி மரத்துக்கு வருவோம். நம்ம பக்கம் சிக்னல்னு யாரும் சொல்லமாட்டாங்க, கைகாட்டிதான். கை படுக்கையா நீட்டிட்டிருந்தா நில்லு, கீழ சாஞ்சா வா. ஸ்டேஷனுக்குப் பக்கத்துல குடியிருந்தவங்க வீட்டு வாசல்ல இருந்தே பார்ப்பாங்களாம். "கைகாட்டி எறங்கிருச்சா?"ன்னு உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். எறங்கிருச்சுன்னா காபியை அப்படியே வச்சுட்டு ஓட்டம்.

ஆனா பல நாடுகள்ல கை கீழ இறங்காது, மேல ஏறும். ஏன் இந்த வித்தியாசம்? 1876 ஜனவரி 21, இங்கிலாந்துல ஆபட்ஸ் ரிப்டன்ங்கிற இடத்துல செம பனி. அந்தக் கால கைகாட்டிகளோட கை, மரத்துக்குள்ள ஒரு பிளவுல மடிஞ்சு உட்காரும். அப்ப வழக்கமே கை "வா"ன்னு இறங்கித்தான் இருக்கும், வேணும்னா மட்டும் "நில்லு"ன்னு ஏத்துவாங்க. பிளவுல பனி இறுகிப் போய், கேபின்ல லீவரைத் திருப்பியும் கை ஏறலை. எக்ஸ்பிரஸ் வந்து முன்னால இருந்த கூட்ஸ் மேல மோத, எதிர்ப்பக்கம் இருந்து இன்னொண்ணு வந்து அது மேல மோத... அதுக்கப்புறம்தான் கை எப்பவும் "நில்லு"ன்னே இருக்கணும், வண்டி வரும்போது மட்டும் இறங்கணும்னு வழக்கத்தைத் தலைகீழா மாத்தினாங்க. பிறகு, பனி சேர்ந்தாலும் எடை கையை "நில்லு" பக்கமே இழுக்கட்டும்னு மேல ஏறுற கை பரவுச்சு. நம்ம ஊர்ல பனியாவது ஒண்ணாவது. கீழ இறங்குற கைகாட்டியே கடைசி வரைக்கும் தாராளமா ஓடுச்சு. கம்பி அறுந்தா எதிர்எடை கையைத் தானா மேல தூக்கி "நில்லு"ன்னு வச்சிரும், அது போதும். தூத்துக்குடி வரைக்கும் நம்ம லைன் போன அதே குளிர்காலத்துல நடந்த விபத்து இதுன்னு பார்த்தப்ப கொஞ்சம் சிலிர்த்துச்சு.

நமக்குப் பனி பிரச்சினை இல்லை, வெயில் பிரச்சினை. கேபினுக்கும் வெளிக் கைகாட்டிக்கும் நடுவுல முக்கால் கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர்னு இரும்புக் கம்பி உருளைகள் மேல ஓடும். சித்திரை வெயில்ல கம்பி நீளும். காலையில முறுக்கி வச்ச கம்பி மத்தியானம் தொளதொளன்னு ஆயிடும். முழுசா இழுத்தாலும் கை பாதிதான் சாயும். பாதி சாஞ்ச கையைப் பார்த்தா டிரைவர் நிக்கத்தான் செய்வார். அதனால மத்தியானம் ஒருதடவை கம்பியை இறுக்கணும், சாயங்காலம் ஒருதடவை தளர்த்தணும். "கம்பி இழுத்து இழுத்து வெயில் எத்தனை டிகிரின்னு கை சொல்லிரும்"னார் தாத்தா. (இது மட்டும் கொஞ்சம் பில்டப்போன்னு சந்தேகம்.)

ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ரெண்டு கேபின் எதுக்குன்னு சின்ன வயசுல கேட்டுட்டே இருப்பேன். கம்பியை இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. பாயிண்டை ரெண்டு பக்கமும் நகர்த்தணும், அதுக்கு இரும்புக் குழாய் வேணும். குழாயோட எடையும் உராய்வும் சேர்ந்து சுமார் 450 மீட்டருக்கு மேல ஒரு மனுஷனால தள்ள முடியாது. ஸ்டேஷன் அதைவிட நீளம். அதான் அங்கிட்டு ஒண்ணு, இங்கிட்டு ஒண்ணு.

லைன்ல ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல எதிர் எதிரா வண்டி வராம இருக்க டோக்கன். நீல்ஸ் மெஷின்னு ஒண்ணு. உள்ளே இரும்பு உருண்டைகள் இருக்கும், எந்த ரெண்டு ஸ்டேஷனுக்கு உரியதுன்னு மேல பொறிச்சிருக்கும். ரெண்டு ஸ்டேஷன் மெஷினும் கரண்ட்ல சேர்ந்திருக்கும். ஒரு உருண்டை வெளிய வந்துட்டா, அது எந்தப் பக்கமாவது திரும்ப உள்ள போற வரைக்கும் ரெண்டுலயும் இன்னொண்ணு வராது. உருண்டை கையில இருந்தாத்தான் டிரைவர் அந்த லைன்ல போகலாம். தோல்பையில போட்டு, பெரிய பிரம்பு வளையத்துல கட்டி, வண்டி ஓடும்போதே நீட்டுவாங்க. 1977 ஆகஸ்ட் 15-ல விட்ட வைகை எக்ஸ்பிரஸ் மாதிரி வண்டிங்க சின்ன ஸ்டேஷன்ல எல்லாம் நிக்காது. பழைய வளையத்தை வீசிட்டு, புதுசைக் கையில கோத்து வாங்கிட்டுப் போவாங்க. வீசின வளையம் முள்ளுக்காட்டுல போய் விழுந்தா ராத்திரியோட ராத்திரியா லாந்தர் வச்சுத் தேடணும், ஏன்னா அது மெஷினுக்குள்ள போகாம அடுத்த வண்டி கிடையாது.

தாத்தா சொன்ன கதைகள்ல எனக்கு மறக்காத ஒண்ணு. ஸ்டேஷன் பேர் வேணாம். ஐப்பசி மழை, ராத்திரி. பாசஞ்சர் ஒண்ணு வெளிக் கைகாட்டிகிட்ட வந்து நின்னு விசில் அடிக்குது. தாத்தா கறுப்பு லீவரைத் திருப்பியாச்சு, நீலத்தைப் போட்டாச்சு, இனி சிவப்பை இழுக்கணும். வரலை. துண்டை இறுக்கிச் சுத்தி, காலை முட்டுக் குடுத்து இழுக்கிறார், வரலை. கீழே இருந்த பாயிண்ட்ஸ்மேனைக் கூப்பிட்டு ரெண்டு பேரா இழுக்கிறாங்க. ம்ஹூம். இதுக்குள்ள ஸ்டேஷன்ல இருந்து போன்ல திட்டு. வண்டிக்குள்ள இருந்த சனங்களும் திட்டியிருப்பாங்க, அது இங்க கேக்கலை.

மெஷின்தான் கெட்டுப் போச்சுன்னு நினைச்சாராம். அப்புறம் லாந்தரைத் தூக்கி லீவர் வரிசையைப் பார்த்தா, நீல லீவர் முழுசா வந்து பள்ளத்துல விழலை. ரெண்டு விரக்கடை குறையுது. அரை வெளிச்சத்துல கண்ணுக்குத் தெரியலை. மழையில நடந்து பாயிண்டுகிட்ட போனார். நகர்ற தண்டவாளத்துக்கும் நிலையா இருக்கிறதுக்கும் நடுவுல எலுமிச்சம்பழ அளவு ஒரு ஜல்லிக்கல்லு. அதனால தண்டவாளம் ஒட்டலை, ஒட்டாததால பூட்டு விழலை, பூட்டு விழாததால சிவப்பு லீவர் வரலை. கல்லை எடுத்துட்டு வந்து இழுத்தா வெண்ணெய் மாதிரி வருது.

"அந்தக் கல்லோட கைகாட்டி எறங்கியிருந்தா?"ன்னேன். "இன்ஜின் மண்ணுல இறங்கியிருக்கும்"னார். அன்னிக்கு நோட்டுல வண்டி இருபது நிமிஷம் லேட்டுன்னு எழுதினாங்க. நடக்காம போன விபத்தை எழுத அந்த நோட்டுல கட்டம் கிடையாது.

ஆனா "வராது"ங்கிற பதிலுக்கு முன்னாடி காத்திருக்கிறது சுலபமில்லை. 1964 டிசம்பர் 22 ராத்திரி, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன 653-ம் நம்பர் பாசஞ்சர் கதை எல்லாருக்கும் தெரியும். புயல். தனுஷ்கோடி நெருங்கினப்ப சிக்னல் கிடைக்கலை, டிரைவர் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, நீளமா விசில் அடிச்சு இருட்டுக்குள்ள வண்டியை நகர்த்தினார்னு சொல்வாங்க. 110 பயணிகள், 5 ஊழியர்கள்னு கணக்கு, யாருமே திரும்பலை. உயிரோட ஒருத்தர்கூட வராத வண்டியைப் பத்தி இவ்வளவு விவரமான கதை எப்படி வந்துச்சுன்னு எனக்கு யோசனைதான். அந்தப் புயல்ல நின்ன இடத்துலயே நின்னிருந்தாலும் தப்பிச்சிருக்க முடியுமாங்கிறதும் வேற விஷயம். பின்னாட்கள்ல பாம்பன் பாலத்துல காத்தளக்கிற கருவியை வச்சு, மணிக்கு 58 கிலோமீட்டருக்கு மேல காத்து போனா சிக்னல் தானா சிவப்பாகிற மாதிரி பண்ணிட்டாங்க. காத்தையும் ஒரு லீவரா சேர்த்துட்டாங்கன்னு வச்சுக்கலாம். அந்தப் பழைய பாலத்துல 2022 டிசம்பரோட வண்டி நின்னுச்சு, 2025 ஏப்ரல் 6-ல புதுப் பாலம் திறந்தாச்சு.

கேபின்கள் போனதுக்கு மீட்டர்கேஜ் போனது முக்கிய காரணம். 1990-கள்ல மதுரைக்கு அகலப்பாதை வந்தது, 2007-ல ராமேஸ்வரம் லைனும் மாறிடுச்சு. கடைசியா மிச்சமிருந்தது போடி லைன். உலகப்போர் சமயம் தண்டவாளத்தையே பேர்த்தெடுத்துட்டுப் போய், 1950-கள்ல திரும்பப் போட்ட லைன் அது. சின்னப் பையனா தாத்தாவோட அந்த வண்டியில உசிலம்பட்டிக்குப் போயிருக்கேன். 2010 கடைசியில நிறுத்திட்டாங்க. 2022-ல தேனி வரைக்கும், 2023-ல போடி வரைக்கும் அகலப்பாதையில திரும்ப வந்துச்சு. இப்ப எல்லாம் கலர் விளக்கு, ஸ்டேஷன் மாஸ்டர் ஏசி ரூம்ல உட்கார்ந்து ஸ்க்ரீன்ல வழி போடுறார். 2023 மே மாசம் வரைக்கும் நாடு முழுக்க 6,400-க்கும் மேற்பட்ட ஸ்டேஷன்ல இந்த மின்சார, எலக்ட்ரானிக் இன்டர்லாக்கிங் வந்தாச்சு. கேபின் கட்டடங்கள் நிறைய இடிஞ்சு போச்சு, மிச்சம் சிலது ஸ்டோர் ரூம். அழகான கட்டடம் போச்சேன்னு நான் வருத்தப்பட்டா தாத்தாவுக்குச் சிரிப்பு. "மே மாசம் அதுக்குள்ள எட்டு மணி நேரம் நின்னிருந்தா தெரியும்டா உனக்கு அழகு."

அவர் சொல்றது நியாயம். புது ஏற்பாடு வேகமானது, பெரிய ஸ்டேஷனுக்கு அது இல்லாம ஆகாது. எனக்கு உறுத்துறது வேற. கீழ் ரூம் கணக்கு இரும்புல இருந்தவரைக்கும் அதை மாத்தணும்னா அரமும் ரம்பமும் எடுத்துட்டு ஆள் இறங்கணும். இப்ப அது ஒயர்லயும் கோடுலயும் இருக்கு. 2023 ஜூன் 2, ஒடிசாவுல பாஹாநாகா பஜார் ஸ்டேஷன். நம்ம சென்னைக்கு வரவேண்டிய கோரமண்டல் எக்ஸ்பிரஸ்ஸுக்கு மெயின் லைன்ல பச்சை. பாயிண்ட் மட்டும் கூட்ஸ் நின்ன லூப் லைன் பக்கம் திரும்பி இருந்தது. 290-க்கும் மேற்பட்டவங்க செத்துப் போனாங்க. விசாரணை அறிக்கை சொன்ன காரணம், சிக்னல் சர்க்யூட்டை மாத்தினப்ப நடந்த ஒயரிங் தப்பு. அன்னிக்கு அங்க நடந்துட்டிருந்தது ஒரு லெவல் கிராசிங் கேட் வேலை. தாத்தாவோட கேபின்ல சாக்ஸ்பி எதை நடக்கவே விடக்கூடாதுன்னு வச்சிருந்தாரோ, அதே. அதைப் படிச்சப்ப "யூசர் அப்படிப் பண்ணமாட்டாங்க" ஞாபகம் வந்து வயித்தைக் கலக்குச்சு.

கேட் பத்தி ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். கேபின் எல்லைக்குள்ள ரோடு கேட் இருந்தா அதுக்கும் ஒரு லீவர் உண்டு. கேட் மூடிப் பூட்டினாத்தான் கைகாட்டி இறங்கும், வண்டி தாண்டாம கேட் திறக்காது. தள்ளி இருந்த நிறையக் கேட்டுகளுக்கு இந்தப் பூட்டு கிடையாது. மூடியாச்சான்னு போன்ல கேக்கிறது, மூடியாச்சுன்னு வர்ற வார்த்தையை நம்புறது, அதான் ஏற்பாடு. அப்படிப்பட்ட ஒரு கேட்டுதான் கடலூர் பக்கம் செம்மங்குப்பத்துல இருந்தது. 2025 ஜூலை 8 காலையில ஸ்கூல் வேன் மேல பாசஞ்சர் மோதி மூணு பிள்ளைகள் போயிட்டாங்க.

அன்னிக்கு நான் ஊர்ல இருந்தேன். டிவியில காலையில இருந்து அதேதான் ஓடிட்டிருந்தது. கேட் கீப்பர் தூங்கினாரா, வேன் டிரைவர் அவசரப்பட்டாரான்னு ஆளாளுக்குப் பேசிட்டிருந்தாங்க. தாத்தாவுக்குக் காது சரியாக் கேக்காது. என்னைக் கூப்பிட்டு பக்கத்துல உட்காரச் சொன்னார்.

"கேட்டுக்கும் கைகாட்டிக்கும் பூட்டு இருந்துச்சா?"

"இல்லை தாத்தா. போன்ல கேட்டுக்கிறதுதான்."

"இன்னுமாடா?"ன்னார்.